யாரைக் கேட்டால் தெரியும்

பொம்மனஹள்ளியைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. இடது செருப்பின் வார் ஆடுகோடியிலேயே அறுந்துபோனதால் இரண்டையும் ஒரு வேலியோரம் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். தோளில் ஒரு மூட்டை. அதில் மாற்று வேட்டி, ஒரு சட்டை, அலுமினியக் குவளை, முந்தின நாள் மிஞ்சிய ராகி ரொட்டி ஒன்று. யுத்த காலம். ஓசூர் சாலையில் பட்டாள லாரிகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வரிசை போனபிறகும் புழுதி அடங்கும்வரை சாலையோர மரத்தடியில் நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி நடந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜீவனஹள்ளியில் எங்கள் மாதா கோயிலில் அந்நேரம் இரண்டாம் பூசை நடந்துகொண்டிருக்கும். பிரசங்கம் முடிந்ததும் சாமியார் ஓலை வாசிப்பார். கல்யாணம் நிச்சயமான ஆண், பெண் பெயர்களை மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் எல்லோர் முன்னும் படிப்பதற்கு எங்களவர்கள் ஓலை வாசிப்பது என்பார்கள். தடை ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். அன்று முதல் தடவையாக வாசிக்கப்போகும் ஓலையில் யார் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு கோயிலின் பின்பக்கம் மணிக்கயிற்றுக்கு அருகில் நிற்க என்னால் ஆகாது. அதனால் விடியுமுன் புறப்பட்டுவிட்டேன். மணி அடிப்பது என் வேலை. அன்று யார் அடித்தார்களோ.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். அப்பா போனபிறகு படிப்பும் போயிற்று. உப்பளத்தில் இருந்தேன். ஆம்பூரில் தோல் ஷாப்பில் இருந்தேன். நீலகிரியில் எஸ்டேட்டில் அட்டைக்கடி பட்டேன். ஜோலார்பேட்டையில் ஒரு ஹோட்டலில் மாவு ஆட்டினேன். எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. கிளம்புவதற்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு காரணம் கிடைத்தது. தோல் ஷாப் மேஸ்திரிக்கு என்னைப் பிடிக்கவில்லை. எஸ்டேட் லயத்தில் கூட இருந்தவர்கள் என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஹோட்டல் முதலாளி என்னை நிறுத்திவிடப் போகிறார். அவர் சொல்லும்வரை இருப்பானேன் என்று நானே வந்துவிட்டேன். இருபத்தேழு வயதில் பெங்களூர் தண்டுக்கு, பட்டாளத்தார் இருக்கும் கண்டோன்மெண்டுக்கு, வந்து சேர்ந்தபோது வலது பாதம் புரையோடி வீங்கியிருந்தது. கோயில் வளாகத்தில் படுத்துக் கிடந்தவனை வெள்ளைக்காரச் சாமியார் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். திரும்பி வந்தபின், உரக்கப் படிக்கத் தெரிகிறது என்பதற்காக மணி அடிக்கவும் உபதேசியாருக்கு ஒத்தாசையாக இருக்கவும் வைத்துக்கொண்டார். ஞானஸ்நானம் பெற்றவன்தான் நான். பெரிய பக்தன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அங்கே வந்த நாலாவது மாதம் சாமியார் கூப்பிட்டார். சனிக்கிழமைதோறும் மாலையில் ஜனங்கள் தங்கள் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவார்கள். வரிசை கோயில் வாசலைத் தாண்டி முருங்கைமரம்வரை நிற்கும். கடைசி ஆள் முடித்துப் போவதற்குள் சாமியாரின் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்.

"யார் என்ன சொன்னார் என்று நான் சொல்லக் கூடாது, சொல்ல மாட்டேன்," என்றார். அவர் தமிழ் புத்தகத்தில் படித்த தமிழ். "ஆனால் ஒருவரும் தம் பாவத்தைச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுப் பாவத்தைச் சொல்கிறார்கள். நீ என்ன உணர்ந்தாய் என்று கேட்டால், அவள் கெட்டவள் என்று உணர்ந்தேன் என்கிறார்கள். அது உணர்ச்சி அல்ல, அபிப்பிராயம். இவர்களுக்கு இரண்டையும் பிரித்துக் காட்டு."

"எனக்கே தெரியாதே சாமி."

"கற்பித்தால் தெரிந்துகொள்வாய்," என்று அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம், மில் சங்கு ஊதியபிறகு, இருட்டுமுன், கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வகுப்பு. வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் பெரியவர்கள். பலர் என்னைவிட மூத்தவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. பலகையில் எழுதிப் பிரயோஜனமில்லை. துரை வீட்டில் சமைத்தவர் ஒருவர் இரண்டு பிஸ்கட் டப்பா கொண்டுவந்தார். ஒன்று உயரம், ஒன்று தட்டை. ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை கொடுத்தேன். ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். நினைப்பானால் உயர டப்பாவில் ஒரு கொட்டை. உணர்ச்சியானால் தட்டை டப்பாவில் ஒன்று.

முதல் நாள் எல்லாக் கொட்டையும் தட்டை டப்பாவில்தான் விழுந்தது. "என் மருமக வேணும்னே குழம்புல உப்பைக் கொட்டுறா" என்றாள் ஒரு கிழவி, தட்டையில் போட்டாள். "எங்க மேஸ்திரி என்னை மனுஷனா மதிக்கலை" என்றார் முனிசிபாலிட்டியில் வேலை பார்க்கும் ஒருவர், தட்டையில் போட்டார். எப்படி விளக்குவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு ஜட்கா வண்டிக்காரர் இருந்தார், கனத்த உடம்பு, ஐம்பது வயதிருக்கும். அவர் முறை வந்தது.

"எனக்குப் பசிக்குது வாத்தியாரே."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ பசிக்குதுன்னு சொன்னா நாங்க நம்பணுமா? இப்பத்தானே வெளியே நின்னு ரெண்டு போண்டா தின்னே," என்றாள் கிழவி.

"என் வயித்தைப் பத்தி உன்னையா கேட்கணும்? நான் சொல்றதுதான்."

அந்த இடத்தில்தான் எனக்கு வழி கிடைத்தது. கிழவியைப் பார்த்துக் கேட்டேன். உப்பு வேணுமென்று கொட்டினாளா என்று யாரைக் கேட்டால் தெரியும்? மருமகளைக் கேட்டால் தெரியும் என்றாள். அப்படியானால் அது நினைப்பு, உயர டப்பா. சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம், கேட்டுப் பார்க்கலாம். அவள் உப்பைக் கொட்டியபோது உங்களுக்குள் என்ன இருந்தது? கிழவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "பயம்தான். என் மகன் என் சமையலை மறந்துடுவான்னு," என்றாள். பயம் தட்டையில். மறந்துவிடுவான் என்பது உயரத்தில். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு கொட்டை வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எல்லாருடைய வாக்கியத்துக்கும் இரண்டு வேண்டியிருந்தது.

அதிலிருந்து அதுவே எங்கள் பாடம். யாரைக் கேட்டால் தெரியும்? வேறு ஆளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால் நினைப்பு. உன்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது என்றால் உணர்ச்சி. உயர டப்பாவில் கொட்டை விழுந்தால் டங்கென்று சத்தம் வரும். தட்டையில் சத்தமே வராது. இரண்டு மாதத்தில் சனிக்கிழமை வரிசை முருங்கைமரத்துக்கு இப்பால் நின்றது. சாமியார் சூடாகச் சாப்பிட்டார்.

அந்தப் பெயருக்கு உரியவள் வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரம் வந்தாள். அண்ணன் வீட்டில் இருந்தாள். புருஷன் கோலார் சுரங்கத்தில் இறந்து ஆறு வருஷம். அண்ணனும் மனைவியை இழந்தவர். அவருக்குச் சமைத்துப் போட்டுவிட்டுப் பகல் முழுதும் பங்களாக்காரர்களுக்கு இஸ்திரி போடுவாள். மணிக்கட்டில் எப்போதும் ஒரு புதுச் சூடு இருக்கும். உட்கார்ந்ததும், "எனக்கு உள்ளே ஒண்ணும் கிடையாது. எல்லாம் மண்டையிலதான். அந்தத் தட்டை டப்பாவை எடுத்து வெச்சிடுங்க, எனக்கு வேலைக்காகாது," என்றாள்.

"பரவாயில்லை, ஒரு டப்பாவை நிறையுங்க."

"சம்பளம் எவ்வளவு உங்களுக்கு?"

"சாப்பாடும் படுக்க இடமும்."

"அதுக்கு இது ஜாஸ்தி."

எல்லா வாரமும் வந்தாள். சொல்வதெல்லாம் நினைப்பாகவே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் திருடுகிறாள். அண்ணன் மறுபடி கல்யாணம் கட்டினால் எனக்கு அந்த வீட்டில் இடமில்லை. அதைச் சொன்ன நாளில் மட்டும் டங்கென்று போட்டபிறகு கையிலிருந்த இன்னொரு கொட்டையை உருட்டிக்கொண்டே இருந்தாள். எங்கும் போடவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு மணிக்கட்டில் இருந்த சூட்டின் வடிவம்கூட இப்போதும் என் கண்ணில் நிற்கிறது, இஸ்திரிப் பெட்டியின் மூக்குப்போல. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் முகங்களை மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை. மற்றவர்கள் போய்விட்டார்கள். அவள் கீழே சிந்திய கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஜமக்காளத்தை உதறினேன்.

"ஒண்ணு சொல்றேன், எந்த டப்பான்னு சொல்லுங்க," என்றாள். "நீங்க மணியடிக்க வர்ற நேரம் பார்த்து நான் வாசல்ல வந்து நிக்கிறேன்னு தெருவுல எல்லாரும் நினைக்கிறாங்க."

"உயர டப்பா."

"சரி. நான் நிக்கிறது?"

ஜமக்காளத்தை மடிக்கத் தொடங்கினேன். "அது செய்கை. அதுக்கு டப்பா கிடையாது," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பும் இருந்தது, சிரிப்பு மட்டுமல்ல. "நல்லாத் தப்பிச்சீங்க வாத்தியாரே," என்று கொட்டைகளை என் கையில் கொட்டிவிட்டுப் போனாள்.

அந்த வாசலை ஒரு நாளைக்கு மூன்று தடவை கடந்தேன். அவள் நின்றாள். பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது. மழை வருமா, சாமியாருக்கு இருமல் விட்டதா, இவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்காகவே நான் அதிகாலை மணிக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே எழுந்தேன். ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வந்த மூன்று மாதமும் எனக்கு வரவேயில்லை. அவளிடம் கேட்க வேண்டியதை நாளைக்கு, நாளைக்கு என்று வைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. மூன்று மணி இருக்கும். அவளுடைய அண்ணன் புதுக் கோட்டு போட்ட ஒரு வாலிபனை அழைத்துக்கொண்டு சாமியார் அறைக்குள் போனார். கையில் மடித்த காகிதம். ஓலைக்குப் பெயர் கொடுப்பவர்கள் சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் வருவார்கள். முருங்கைமரத்தடியில் அவள் நின்றாள். நீலக் கரை போட்ட நல்ல புடவை, தலையில் முக்காடு, கையில் பூ. என்னைப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கயிற்றைச் சுற்றி மாட்டினேன். உபதேசியார் சொன்ன மெழுகுவர்த்திகளைச் சுரண்டி வைத்தேன். மூட்டையைக் கட்டினேன்.

ஹெப்பகோடியில் கிணற்றடியில் ரொட்டியைத் தின்றேன். நேராக ஓசூர் போய், அங்கிருந்து சேலம் போவதாக எண்ணம். சந்தாபுரத்தில் காலில் கொப்புளம் உடைந்தது. ஆனேக்கல் போகும் ராகி வண்டிக்காரர் ஒருவர் பரிதாபப்பட்டு, "ஹத்தப்பா, ஹத்து," என்று ஏறச் சொன்னார். எந்த ஊரானால் என்ன என்று ஏறினேன். பொழுது சாயும்போது ஆனேக்கல் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி, கொப்புளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன்.

பெங்களூரிலிருந்து சாயங்கால பஸ் வந்தது. பெட்ரோல் கிடைக்காததால் அப்போது பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்னால் ஆள் உயர உருளை ஒன்றில் கரியைப் போட்டுப் புகைய விடுவார்கள். பஸ்ஸிலிருந்து உடம்பெல்லாம் கரிப்புழுதியோடு முதலில் இறங்கியவர் எங்கள் ஜட்காக்காரர். மகளை ஆனேக்கல்லில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்.

"அடப்பாவி வாத்தியாரே, இங்கேயா இருக்கே," என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சில சமயம் மரியாதையாகவும் சில சமயம் இப்படியும் பேசுவார். "காசும் கொடுத்து மூணு ஏத்தத்துல இறங்கித் தள்ளவும் செஞ்சேன். என் குதிரை தேவலை. அது என்னை இறங்கச் சொல்லாது."

"மணியை யார் அடிச்சது அண்ணே?"

"நான்தான். கயிறு என்னையே மேலே தூக்கிட்டுப் போச்சு."

நான் சிரிக்கவில்லை. அவர் என் மூட்டையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். ஓலை வாசித்தார்களா என்று கேட்க வேண்டியதுதான். வேறு ஆளைக் கேட்டால் தெரிந்துவிடும் விஷயம். வாரம் தவறாமல் பன்னிரண்டு பேருக்கு நான் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். ஆனால் சனிக்கிழமை அவளிடமும், உபதேசியாரிடமும், ஓலை யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவர் ஒரு பீடி பற்றவைத்தபிறகு கேட்டேன்.

"இன்னிக்கு ஓலை?"

"ஒண்ணுதான். நம்ம இஸ்திரிக்காரம்மாவோட அண்ணன். ரெண்டாம் கல்யாணம், பொண்ணு ஜோலார்பேட்டை. நேத்து பொண்ணோட தம்பி வந்து பேரைக் கொடுத்துட்டுப் போச்சு. புதுக் கோட்டு, நல்ல பையன்."

கால்துணியின் முடிச்சை இறுக்கினேன்.

"அவங்க இருந்தாங்களா?"

"யாரு, அந்தம்மாவா? பூசை முடிஞ்சு மணிக்கயித்துக்கிட்ட வந்து, வாத்தியார் எங்கேன்னுச்சு. தெரியாதுன்னேன். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. அண்ணிக்காரி வந்தா அந்த வீட்டுல அதுக்கு ஏது இடம். கொட்டகைக்குப் போய் ரெண்டு டப்பாவையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருச்சு." பீடியைத் தரையில் தேய்த்தார். "காலையில இதே வண்டி திரும்புது. நானும் வரேன். போயிரலாம்."

அன்று இரவு சத்திரத்தில் படுத்தேன். முந்தின நாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது அழுகையை மறைக்க என்று இப்போது தெரிந்தது. நான் நினைத்தது தப்பு என்று தெரிந்துவிட்டது. தப்பு என்று தெரிந்தால் நெஞ்சு லேசாக வேண்டும் என்றுதான் வகுப்பில் சொல்லியிருந்தேன். ஆகவில்லை. நினைப்பை எடுத்துப் போட்டபிறகும் அடியில் ஒன்று அப்படியே கிடந்தது. தோல் ஷாப்பிலும் எஸ்டேட்டிலும் ஹோட்டலிலும் அதுதான் இருந்திருக்க வேண்டும். மேஸ்திரிக்கு என்னைப் பிடித்ததா இல்லையா என்று நான் கேட்டதேயில்லை. என்னை ஒருவர் தேடி வந்து நிற்கிறார் என்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். அவளுக்கு ஒரு வீடு வேண்டும். வீடு வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் இருக்கிற ஆள் வேண்டும். அந்த வாசல் எனக்கு வேண்டும் என்று உடம்பெல்லாம் ஏங்கியது. அதே உடம்பு கதவுப் பக்கம் கால் நீட்டித்தான் படுத்திருந்தது.

விடிந்ததும் நான் போனபோது பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று பெங்களூருக்கு. ஜட்காக்காரர் அதில் ஏறி எனக்கும் ஓர் இடம் பிடித்துத் துண்டு போட்டிருந்தார். மற்றது ஓசூருக்கு. அதன் சொந்தக்காரர், கன்னடக்காரர், வண்டியின் பின்னால் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கரி போடும் ஆளுக்கு ஜுரமாம், வரவில்லையாம். போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"ஏனப்பா, வேலை பேக்கா, வேலை வேணுமா? கரி போடத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். அதற்கு முன் செய்ததில்லை.

ஜட்காக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்தம்மா கேட்கும். என்னன்னு சொல்றது? உனக்கு அங்கே பிடிக்கலைன்னு சொல்லிடவா?"

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே. பொய்."

"அப்போ?"

"பயமா இருக்குன்னு சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணே."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவருடைய பஸ் புறப்பட்டுச் சந்தாபுரம் பக்கம் திரும்பியது. ஓசூர் பஸ்காரர் என் கையில் ஒரு சாக்கையும் இரும்புக் கம்பியையும் கொடுத்தார். உருளையின் வாயைத் திறந்து கரியைக் கொட்டி, கம்பியால் குத்தி, தீயை ஊதும் காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். கால் மணி நேரம் போனபின் புகை வெளுத்தது, எஞ்சின் பிடித்தது. பின்பக்க ஏணியில் நின்றுகொண்டு வர வேண்டும், ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும் என்று சொல்லி, அதற்குத் தகுந்த அளவில் ஒரு கருங்கல்லையும் அவரே பொறுக்கிக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.